உப்பு பார்த்துப் போடு: புதுக் கணினியை ஒரே கட்டளையில் தயார் செய்வது

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் மடிக்கணினி எழவில்லை. கறுப்புத் திரையில், துவக்குவதற்கு வட்டு எதுவும் இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டு போய்விட்டது. பெரிதாகப் பதறவில்லை. எழுதிய நிரல் அத்தனையும், மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் சர்வரில் இருந்தது. வீட்டுப் படங்களும் ஆவணங்களும் வெளி வட்டில் இருந்தன. மாலையே புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, உபுண்டு லினக்ஸ் நிறுவி, வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன். எதுவும் தொலையவில்லை என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் வெள்ளிக்கிழமை வரை உருப்படியாக ஒரு வேலையும் நடக்கவில்லை.

ஒரேயடியாக நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பத்து நிமிடம் ஓடும், பிறகு ஏதோ ஒன்று இல்லை என்று நிற்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இல்லை. ஜாவா இருக்கிறது, ஆனால் வேறு பதிப்பு. நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரை நிறுவினால், அதை ஓட்ட எனக்கு அனுமதி இல்லை என்கிறது. டெர்மினலில் விரல் தானாக ஒரு சுருக்கக் கட்டளையை அடிக்கிறது, அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று பதில் வருகிறது. அந்தச் சுருக்கம் எதன் சுருக்கம் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. விரலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நடந்ததுதான் என்னை உலுக்கியது. தமிழில் பெயர் வைத்த ஒரு கோப்பை மாற்றிவிட்டு எவை மாறின என்று காட்டும் கிட் ஸ்டேட்டஸ் பார்த்தேன். கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் \340\256\244 என்று எண்கள் வரிசையாக நின்றன. அது ‘த’ என்ற எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் அந்த எழுத்தின் மூன்று பைட்டுகளை எண்ம எண்களாகக் காட்டினால் அப்படித்தான் இருக்கும். ஆங்கிலம் அல்லாத பெயர்களை கிட் இயல்பாகவே இப்படித்தான் காட்டும். கோட்பாத் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகத் தெரியும். இதை நான் பல வருடம் முன்பே ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்திருந்தேன். இப்போது மறுபடியும் முதலிலிருந்து தேடினேன்.

அன்றைக்குத்தான் எது தொலைந்தது என்று புரிந்தது. வட்டில் இருந்த கோப்புகளுக்கு நகல் இருந்தது. நான் எடுத்த முடிவுகளுக்கு நகல் இல்லை. பல வருடமாக, ஒவ்வொரு சின்னச் சிக்கலுக்கும் தேடிப் படித்து, இது இப்படி இருக்கட்டும் என்று வைத்த நூற்றுக்கணக்கான முடிவுகள் அந்த எஸ்எஸ்டியில் மட்டும் இருந்தன.

அவற்றில் பாதி, புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைகோப்புகளில்தான் இருந்தன. யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கினால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை அதைக் காட்டாது. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல என்று பெல் ஆய்வகத்தில் வேலை செய்த ராப் பைக் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கோப்புறையிலும், தன்னையும் தன் மேல் கோப்புறையையும் குறிக்க ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பதிவுகள் உண்டு. அவற்றைப் பட்டியலில் காட்டாமல் இருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து ஒதுக்கினார்கள். அந்த அவசரச் சோதனையால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோயின. பிறகு எல்லா நிரல்களும் தங்கள் அமைப்புகளைக் கொண்டுபோய் அங்கே வைக்க ஆரம்பித்தன. பாஷ்ஆர்சி, விம்ஆர்சி என்று அந்தக் கோப்புகளின் பெயர் முடிவில் வரும் ‘ஆர்சி’ இன்னும் பழையது. 1960களில் எம்ஐடியில் ஓடிய சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில், கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்து ஓட்டும் வசதிக்கு ரன்காம் என்று பெயர். அதன் மிச்சம்தான் அது. நம் கண்ணில் படாத இடத்தில்தான் நம் பழக்கங்கள் அத்தனையும் இருக்கின்றன என்பதால், அவற்றை நகலெடுக்க வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை.

முதலில் ஒரு குறிப்புக் கோப்பு மட்டும் வைத்துக்கொண்டேன். எதை நிறுவினாலும், எதை மாற்றினாலும், அதில் ஒரு வரி. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் குறிப்பே, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு ஸ்கிரிப்டாக மாறும் நிலைக்கு வந்திருந்தது. இடையிடையே இருந்த விளக்கங்களை ஹேஷ் குறி போட்டுக் குறிப்பாக்கினேன், கட்டளைகளை அப்படியே விட்டேன். சுமார் 80 வரி. கணினிக்குள் கணினியாக ஓடும் மெய்நிகர் கணினி ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன். பாதியில் நின்றது. ஒரு பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். இப்போது முதலில் சரியாக ஓடிய இடமே உடைந்தது.

ஏன் என்று சொல்கிறேன், விஷயத்தின் மையமே இதுதான். கோப்புறை உருவாக்கும் மேக்டிர் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை உருவாக்கும். இரண்டாம் முறை, ஏற்கனவே இருக்கிறதே என்று பிழை சொல்லி நிற்கும். பாஷ்ஆர்சியின் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தேன். ஏழு முறை ஓட்டியதில் அதே வரி ஏழு முறை இருந்தது. சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் குறுக்குவழி, போட்ட இடம் இன்னும் மோசம். ஒரு கோப்புறையைச் சுட்டும் சிம்லிங்க் ஏற்கனவே இருக்கும்போது அதை உருவாக்கும் எல்என் கட்டளையை மறுபடி ஓட்டினால், அது பிழையும் சொல்லாது, பழையதை மாற்றவும் செய்யாது. அந்த லிங்க் வழியாக உள்ளே போய், அங்கே இன்னொரு லிங்க்கைப் போட்டுவிட்டு வரும். என் அமைப்புக் கோப்புகளை வைத்திருக்கும் ரெப்போ என்ற கிட் சேமிப்பிடத்துக்குள் தன்னையே சுட்டும் ஒரு லிங்க் எப்படி வந்தது என்று தேட எனக்கு அரை நாள் ஆனது.

எங்கள் வீட்டில் பொங்கலுக்கு எல்லாரும் கூடினால் அடுப்படியில் ஒரே நேரத்தில் நான்கு பேர் நிற்பார்கள். சாம்பார் கொதிக்கும்போது அம்மா சித்தியிடம் “உப்பு போடு” என்று சொன்னதே இல்லை. “உப்பு பாத்துப் போடு” என்றுதான் சொல்வார். போடு என்றால் கேட்டவர் ஒவ்வொருவரும் போடுவார்கள், சாம்பார் வாயில் வைக்க முடியாது. பார்த்துப் போடு என்றால் முதலில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்க வேண்டும். குறைந்தால் போடு, சரியாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில். பத்து பேர் அடுத்தடுத்து வந்து பார்த்தாலும் சாம்பார் கெடாது.

கணக்கில் இந்தக் குணத்துக்கு ஐடெம்போட்டன்ஸ் என்று பெயர். அந்தச் சொல்லை 1870இல் பெஞ்சமின் பியர்ஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் கொடுத்தார். ஒரு செயலை ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் விளைவு ஒன்றே என்பது பொருள். கணினிகளை நிர்வகிக்கும் வேலைக்குள் இந்த எண்ணத்தை வலுவாகக் கொண்டுவந்தவர் மார்க் பர்கெஸ். 1993இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சிஎஃப்எஞ்சின் என்ற நிரலை எழுதினார். எதைச் செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்வதற்குப் பதிலாக, கடைசியில் கணினி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவது. இப்போது இருக்கும் நிலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நிரல் சரிசெய்யும். பப்பெட், செஃப், ஆன்சிபிள் என்ற கருவிகள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

எங்கள் பக்கம் இதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. கரண்ட் போகும். மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கிறது, வீட்டு ரவுட்டருக்கு இல்லை. நாற்பது மென்பொருள் பொதிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது இருபத்தைந்தாவதில் இணைப்பு அறுந்தால், மீதியை எங்கிருந்து தொடங்குவது என்று ஸ்கிரிப்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கரண்ட் வந்ததும் முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும், முடிந்தவற்றை அது தானாகத் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

டெர்மினலில் கட்டளைகளை ஓட்டும் பாஷிலேயே அதைச் செய்யலாம். மேக்டிரோடு பி என்ற தெரிவைச் சேர்த்தால் ஏற்கனவே இருக்கும் கோப்புறையைக் கண்டு சண்டை போடாது. எல்என்னோடு எஸ், எஃப், என் மூன்றையும் சேர்த்தால் லிங்க் ஒழுங்காக மாற்றி வைக்கப்படும். வரி சேர்ப்பதற்கு முன் கிரெப் போட்டு அது இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரே ஒரு கணினி, நூறு வரிக்குள் முடியும் என்றால் இதுவே போதும் என்பேன். எடுத்த எடுப்பிலேயே பெரிய கருவிகளைப் படிக்க உட்கார்ந்து, கடைசியில் ஒரு வரிகூட எழுதாமல் விட்ட நண்பர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு நூறு வரி தாண்டியது, ஆன்சிபிளுக்கு மாறினேன். 2012இல் மைக்கேல் டிஹான் உருவாக்கியது. நூறு சர்வர்களை எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக ஒரே இடத்திலிருந்து சீர்படுத்தத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது, ஆனால் தன் சொந்தக் கணினியையே இலக்காக வைத்தும் ஓட்டலாம். யாமல் என்ற எளிய உரைக் கோப்பில் ‘இந்தப் பொதி இருக்க வேண்டும்’, ‘இந்தக் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும்’ என்று எழுதினால் போதும். ஏற்கனவே சரியாக இருந்தால் பச்சை, மாற்றினால் மஞ்சள், தவறினால் சிவப்பு. முழுதும் முடிந்து மறுபடி ஓட்டும்போது மாற்றம் 0 என்று வந்தால் உப்பு சரி என்று அர்த்தம். நிக்ஸ் என்று இன்னும் ஆழமான ஒரு வழி உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா தொடங்கி, 2006இல் முனைவர் பட்ட ஆய்வாகவே சமர்ப்பித்தது. பொதியின் ஒவ்வொரு பதிப்பும் தனித்தனி இடத்தில் நிற்பதால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது, பிடிக்காவிட்டால் பழைய நிலைக்கு அப்படியே திரும்பலாம். எனக்கு அதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் என் அணியில் இருப்பவர்கள் பத்து நிமிடத்தில் படித்துப் புரிந்துகொண்டு திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் ஆன்சிபிளிலேயே நின்றேன்.

ஆன்சிபிளில் எழுத ஆரம்பித்தபோது ஒரு வழக்கத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு அமைப்புக்கும் மேலே, எந்த மாதம், என்ன காரணத்துக்காக இது என்று தமிழில் ஒரு குறிப்பு. இதன் பலன் நான் எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்தது. ஐநோட்டிஃபை என்று லினக்ஸில் ஒரு வசதி; கோப்புகள் மாறுவதைக் கண்காணிக்க எடிட்டர்கள் அதைத்தான் பயன்படுத்தும். முன்பு இயல்பாக 8192 கோப்புகளுக்கு மேல் கண்காணிக்க விடாது, பெரிய திட்டங்களைத் திறந்தால் எடிட்டர் புலம்பும். அதனால் எல்லாரையும் போல நானும் அதை 524288 என்று ஏற்றிவைத்திருந்தேன், காரணத்தையும் எழுதியிருந்தேன். 2021இல் வந்த 5.11 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி), நினைவகத்தின் அளவைப் பார்த்து லினக்ஸே அந்த எண்ணைக் கணக்கிட்டுக்கொள்கிறது. காரணம் எழுதியிருந்ததால், அது இனி பொருந்தாது என்று தெரிந்து அந்த வரியைத் தைரியமாக அழித்தேன். காரணம் இல்லாத வரியை யாரும் அழிப்பதில்லை. எதற்கோ இருக்கும், கிடக்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

சில வரிகளுக்கு மேலே உள்ள குறிப்பு நீளமாகவே இருக்கும். டாக்கர் குழுவில் பயனரைச் சேர்க்கும் வரி அப்படி. யூசர்மாட் கட்டளையில் குழுவைச் சொல்லும்போது, ‘சேர்’ என்பதைக் குறிக்கும் ஏ தெரிவை விட்டுவிட்டால், டாக்கர் குழுவில் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற குழுக்களிலிருந்து எடுத்துவிடும். நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ குழுவும் அதில் போய்விடும். அதன் பிறகு அந்தக் கணினியில் எதையும் நிறுவவோ திருத்தவோ நமக்கே அதிகாரம் இருக்காது. மீட்புப் பயன்முறையில் துவக்கித்தான் சரிசெய்ய வேண்டும். நான் செய்தேன். அடுத்தவருக்கு நடக்கக் கூடாது என்று நான்கு வரி எழுதிவைத்திருக்கிறேன்.

தமிழ் தட்டச்சுக்கான பகுதிக்கு மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது, அந்த நாளை நான் சந்தோஷமாகவே கொடுத்தேன். நான் தமிழ்99 அடிப்பவன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரமாக அறிவித்த விசைப்பலகை அது. அதன் அழகே, ‘க’வை இரண்டு முறை அடித்தால் நடுவில் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ என்று வருவதுதான். உபுண்டுவின் அமைப்புகளில் உடனே கண்ணில் படும் தமிழ் விசைப்பலகைகள் எக்ஸ்கேபி வகையைச் சேர்ந்தவை. அதில் ஒரு விசைக்கு ஒரு எழுத்துதான். முன்னால் என்ன அடித்தோம் என்று பார்த்துப் புள்ளி வைக்க அதற்கு வராது. ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டுப் பொதிகளை நிறுவினால்தான் முழுமையான தமிழ்99 கிடைக்கும். நிறுவிய பிறகு, மேசை அமைப்புகளை மாற்றும் ஜிசெட்டிங்ஸ் கட்டளை வழியாக உள்ளீட்டுப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்கிரிப்ட் முழுவதையும் சூடோவோடு ஓட்டினால் ஜிசெட்டிங்ஸ், ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் மேசையை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். என் மேசையில் எதுவும் மாறியிருக்காது. பொதியை நிறுவுவது மட்டும் ரூட்டாக, விசைப்பலகையைச் சேர்ப்பது நானாக என்று பிரித்து எழுதிய பிறகுதான் சரியானது. அடுத்து எழுத்துரு: எடிட்டருக்கான எழுத்துருவில் தமிழ் இருக்காது என்பதால், தமிழ் வரும் இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் வர வேண்டும் என்று ஃபான்ட்கான்ஃபிக் கோப்பில் எழுதினேன். கடைசியாக கிட்டின் கோட்பாத். அந்த ஒரு வரி ரெப்போவில் சேர்ந்த அன்று மனசு லேசானது. இனி அதை யாரும் மூன்றாம் முறை கண்டுபிடிக்க வேண்டாம்.

எதை இதில் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடவுச்சொல், இணையச் சேவைகளுக்கான ஏபிஐ சாவி, எஸ்எஸ்எச்சின் தனிச்சாவி எதுவும் ரெப்போவுக்குள் போகக் கூடாது, ரெப்போ தனிப்பட்டதாக இருந்தாலும். ஒருமுறை கமிட் ஆகி கிட்டில் பதிவானால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். பொது ரெப்போக்களில் சாவிகளைத் தேடுவதையே வேலையாக வைத்திருக்கும் நிரல்கள் இருக்கின்றன. தவறிப் போய்விட்டால் அழிப்பதோடு நிற்காமல் அந்தச் சாவியையே ரத்து செய்ய வேண்டும். எஸ்எஸ்எச் சாவியை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பதையும் நிறுத்திவிட்டேன். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கணினிக்கும் புதிதாக ஒரு ஈடி25519 வகைச் சாவி உருவாக்கும், கணினியின் பெயரையும் வருடத்தையும் அதில் குறிக்கும், பொதுச்சாவியைத் திரையில் காட்டிவிட்டு நான் அதை சர்வரில் சேர்க்கும்வரை காத்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் மனிதக் கை வேண்டும். அதை வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறேன். கணினி தொலைந்தால் அந்த ஒரு சாவியை நீக்கினால் போதும்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் வேண்டிய ஜாவா பதிப்பு, தரவுத்தளம் போன்றவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். அவை அந்தத் திட்டத்தின் டாக்கர் கோப்பில் இருக்க வேண்டியவை.

இதையெல்லாம் எழுதிவைத்தால் மட்டும் போதாது, வெறும் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டுவை நிறுவி, எதையும் தொடாமல் அந்த நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அதற்குத் திரும்பி முதலிலிருந்து ஓட்டுகிறேன். முதல் முறை ஓட்டியபோதே விதை முந்தியா மரம் முந்தியா என்ற கேள்வி வந்து நின்றது. ஸ்கிரிப்ட் கிட் ரெப்போவில் இருக்கிறது, கிட்டை நிறுவுவதோ ஸ்கிரிப்டின் வேலை. கர்ல் வைத்து இறக்கலாம் என்றால், உபுண்டு 22.04 டெஸ்க்டாப்பில் கர்ல் இல்லை, டபிள்யூகெட்தான் இருந்தது. அதனால் பத்து வரியில் ஒரு சின்னத் துவக்கக் கோப்பு: கிட்டையும் ஆன்சிபிளையும் நிறுவி, ரெப்போவை இறக்கி, மீதியை ஆன்சிபிளிடம் விடும். டபிள்யூகெட் வைத்து அதை இறக்க வேண்டும், ஒருமுறை படிக்க வேண்டும், ஓட்ட வேண்டும். படிக்காமல் நேராக ஷெல்லுக்குள் அனுப்பும் பழக்கத்தை நான் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, என் சொந்தக் கோப்பாக இருந்தாலும்.

போன வருடம் எங்கள் அணியில் கல்லூரி முடித்த கையோடு ஒரு பெண் சேர்ந்தார். அதுவரை புதிதாக வருபவர்களிடம் ஒரு நீண்ட ஆவணத்தைக் கொடுத்துவிடுவோம். அதில் பாதி வழிமுறைகள் பழையவை, எந்தப் பாதி என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வந்தவர்கள் முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு மேசையாகப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். முதல் வாரத்திலேயே ஒருவரை அப்படி நிற்கவைப்பது எனக்கு எப்போதும் வருத்தமாக இருந்தது. இந்த முறை ஆவணத்தைக் கொடுக்கவில்லை. ரெப்போவிலிருந்து என் சொந்த விருப்பங்களைத் தனியாகப் பிரித்துவிட்டு, மீதியின் முகவரியைக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். “அண்ணா, ஒரு எடத்துல செவப்பா வருதுங்க. உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் கேக்குது.”

போய்ப் பார்த்தேன். சிம்லிங்க் போடும் வரி ஒன்றில், பயனரின் முகப்புக் கோப்புறை என்று எழுதுவதற்குப் பதிலாக என் பயனர் பெயரையே நேராக எழுதியிருந்தேன். இரண்டு வருடமாக மாதா மாதம் சோதித்தேன், ஒவ்வொரு முறையும் மெய்நிகர் கணினியில் பயனர் பெயராக என் பெயரையே கொடுத்திருந்தேன். அது சிவப்பாக வர வாய்ப்பே இருந்ததில்லை.

நான் திருத்தித் தருகிறேன் என்றேன். “நானே பண்ணிப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டார். மாலைக்குள் திருத்தத்தை அனுப்பியிருந்தார். ஒரு மாறி, ஒரு வரி மாற்றம். அதன் மேலே தமிழில் மாதமும் வருடமும் போட்டு, பயனர் பெயர் வேறாக இருந்தால் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று காரணமும் எழுதியிருந்தார். அப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை; மற்ற வரிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். சேர்த்துக்கொண்டேன். மறுநாள் காலை அவர் தன் கணினியில் மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். ஒரு மஞ்சள், மீதி எல்லாம் பச்சை, மாற்றம் 1. அதற்கடுத்த முறை 0.